பனியில் ஈயமா, பாட்டிலில் ஈயமா?

கேள்வி: கிரீன்லாந்தில் ஒரே பனிக்குழியில், ஒரே ஆழத்தில் அடுத்தடுத்து எடுத்த மூன்று மாதிரிகளில் ஈயத்தின் அளவு பத்து மடங்கு வரை வேறுபடுகிறது. உலோகங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் கோளாறா?

பதில்: கருவியை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் பிளாங்க் மாதிரிகளின், அதாவது பனி இல்லாத வெற்று மாதிரிகளின், எண்களை எடுங்கள். அதிதூய நீரை அதே வகை பாட்டிலில் களத்துக்குக் கொண்டுபோய், அங்கே திறந்து மூடித் திரும்பக் கொண்டுவந்தீர்களா? இல்லையென்றால் அந்த மூன்று எண்களில் எதையும் நம்ப முடியாது. பிளாங்குகளின் திட்ட விலக்கத்தைப் போல் மூன்று மடங்குக்குக் கீழே வரும் எந்த அளவையும் முடிவாக எழுதாதீர்கள்.

நாம் தேடுவது ஒரு கிராம் பனியில் சில பிகோகிராம், அதாவது லட்சம் கோடியில் சில பங்கு. கையுறைத் தூளும் மண்வெட்டியின் உலோகமும் வாகனப் புகையும் அதைவிடப் பல மடங்கு ஈயத்தைச் சேர்த்துவிடும். அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சனின் குழு 1969-இல் வெளியிட்ட ஆய்வில், கிரீன்லாந்துப் பனியில் ஈயம் கி.மு. 800 வாக்கில் கிராமுக்கு 1 பிகோகிராமுக்கும் குறைவாக இருந்து, 1965-இல் 200-ஐத் தாண்டியது தெரிந்தது. ஆய்வகத் தூய்மையில் அவர் காட்டிய பிடிவாதம் இல்லாமல் அந்த ஏற்றத்தைக் கண்டிருக்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பாலிஎத்திலீன் பாட்டில்களை நைட்ரிக் அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறவையுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடத் தூய்மையான அமிலம் வேண்டும். களத்தில் காற்று வரும் திசையை நோக்கி நின்று, குழிச் சுவரின் மேற்பரப்பைப் பிளாஸ்டிக் கருவியால் சுரண்டி நீக்கிவிட்டு, உள்ளிருந்து எடுங்கள்.

துளையிட்டு எடுத்த பனி உருளை என்றால் இன்னும் நல்ல சோதனை ஒன்று உண்டு. குளிரறையில் வெளியிலிருந்து மையம் நோக்கி அடுக்கடுக்காகச் செதுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் தனியாக அளக்க வேண்டும். அளவு சரசரவென இறங்கி, உள் அடுக்குகளில் மாறாமல் நின்றால் அதுவே பனியின் சொந்த ஈயம். மையம் வரை இறங்கிக்கொண்டே போனால் மாசு உள்ளே புகுந்துவிட்டது. வருத்தம்தான், ஆனாலும் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

பிளாங்க் சுத்தமாக இருந்தும் வேறுபாடு நீடித்தால், உருகிய மாதிரியில் அமிலம் சேர்த்த பின் எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். தூசித் துகள்களிலிருந்து உலோகம் மெதுவாகவே கரையும். அமிலத்தின் செறிவும் காத்திருக்கும் காலமும் எல்லா மாதிரிகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாதரசமும் அளக்க நினைத்தால் இதே பாட்டில் உதவாது. அதன் ஆவி பாலிஎத்திலீனை ஊடுருவும். டெஃப்லான் அல்லது கண்ணாடிப் பாட்டிலில் தனி மாதிரி எடுங்கள்.