மின்சார பைக், எல்.எல்.ஆர்., லைசென்ஸ்: உங்கள் கேள்விகள்

எனக்கு வயது 17. மின்சார பைக் ஓட்ட எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) கிடைக்குமா? (மாணவர், சேலம்)

18 முடியட்டும். 16 வயதுச் சலுகை, என்ஜின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்குத்தான். 'மோட்டாருக்கு சி.சி.யே கிடையாதே' என்று ஷோரூமில் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எல்.எல்.ஆர். இருக்கிறது. தங்கையைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டலாமா? (வாசகர், திருச்சி)

கூடாது. லைசென்ஸ் வைத்திருப்பவர், கற்றுக்கொடுப்பதற்காக மட்டுமே பின்னால் உட்காரலாம். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' வேண்டும். எல்.எல்.ஆர். தேர்வுக்கே படித்திருக்க வேண்டியதை இப்போது கேட்கிறீர்கள்!

மின்சார பைக்கிலேயே 'எட்டு' போடலாமா? (வாசகர், மதுரை)

போடலாம். ஆனால் 'கியர் இல்லாதது' என்றுதான் லைசென்ஸ் வரும். அண்ணனின் பெட்ரோல் பைக்கை ஓட்ட முடியாது. கிளட்ச் பழகியிருந்தால் எல்.எல்.ஆர். விண்ணப்பத்திலேயே கியர் வகையைக் குறியுங்கள். 30 நாள் கழித்து, 6 மாதத்துக்குள் டெஸ்டுக்குப் போய்விடுங்கள்.

பத்தாவது படிக்கும் மகனுக்கு 'லைசென்ஸ் வேண்டாத' ஸ்கூட்டர் வாங்கினோம். ஒரு ஒயரைக் கழற்றினால் 45 கி.மீ. வேகத்தில் போகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (தாய், ஈரோடு)

செய்யவே செய்யாதீர்கள். இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்குகிறது. மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் லைசென்ஸும் பதிவும் வேண்டாம். ஒயரைக் கழற்றிய நிமிடமே அது மோட்டார் வாகனம். பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஓட்டுவது 15 வயதுப் பிள்ளை. யார் மீதாவது மோதினால் இழப்பீடு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த 199ஏ பிரிவைப் படியுங்கள். பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 'எனக்குத் தெரியாமல் நடந்தது' என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். கழற்றச் சொன்னவரே நீங்கள் என்றால் எப்படி நிரூபிப்பீர்கள்?

அந்த வண்டியின் பிரேக்கும் டயரும் 25 கி.மீ. வேகத்துக்காகப் போட்டவை. லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காக ஹெல்மெட்டும் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். தார்ச்சாலைக்கு வாட் கணக்கு தெரியாது.

என் வண்டிக்கு இன்சூரன்ஸ் தேவையா? (வாசகர், ஊர் எழுதவில்லை)

எந்த வண்டி என்றும் எழுதவில்லையே! பதிவு செய்த மின்சார வண்டிக்கான பச்சை நம்பர் பிளேட் இருந்தால் கட்டாயம் தேவை.

பைக்கைத் தள்ளும்போது திடீரென்று பாய்ந்துவிட்டது. பழுதா? (கல்லூரி மாணவி, கோவை)

பழுதாக இருக்காது. ஆன் செய்தாலும் சத்தம் வராது. ஆஃப் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரைப் பிடித்துத் தள்ளியிருப்பீர்கள். மோட்டார் முதல் நொடியிலேயே முழு இழுவை கொடுக்கும். இறங்கியதும் சாவியை அணையுங்கள், பிறகு தள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் வேகம் குறைவான ஈகோ மோடில், காலி மைதானத்தில் ஓட்டிப் பழகுங்கள். ஹெல்மெட் அங்கேயும் வேண்டும்.