உப்புத்தாள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆறு ஆண்டுகளாக உங்களை வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. எனக்கு வயது 41. கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் ஐந்து நாட்கள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பதால், சனி ஞாயிறுகளில் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று மரவேலையைத் தொடங்கினேன். பால்கனியை அடைத்து ஒரு சிறு பட்டறையாக ஆக்கிக்கொண்டேன். காணொளிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஐந்து தட்டுகள் கொண்ட ஒரு புத்தக அலமாரி. நான்கு வார இறுதிகளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன, இன்னும் இரண்டு தட்டுகள் பாக்கி. இடையில் ஒரு ஸ்டூலையும் ஒரு விளக்குத் தாங்கியையும் தொடங்கினேன். அவையும் பாதியில் நிற்கின்றன.

கடையில் வாங்கினால் இதைவிட மலிவு என்கிறாள் மனைவி. செய்து விற்கலாமே என்கிறார் நண்பர். வீட்டில் அமைதியும் கிடைப்பதில்லை. எட்டு வயது மகள் ‘நானும் தேய்க்கிறேன்’ என்று வந்து நிற்பாள். கெடுத்துவிடுவாள் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. நேரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டால் தொடங்கியதை முடிக்க முடியும்? இந்தப் பொழுதுபோக்கு இத்தனை நேரத்துக்குத் தகுதியானதுதானா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த காலையில் அப்பாவின் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டிய பழைய கடிகாரம். கை அந்த வேலையில் இருந்தபோது மனம் சில நாட்களாக உழன்றுகொண்டிருந்த ஒரு விஷயத்தில் இருந்தது. பிறகு வந்து அமர்ந்து உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியது. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டவற்றை முடித்துவிடுகிறேன்.

மலிவா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். காலையில் நடக்கப் போகிறவரிடம், இதே தூரத்தை பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாமே என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் மனைவிக்கும் இது தெரியாமல் இருக்காது. அவர் பேசுவது விலையைப் பற்றியே இல்லை என்று எனக்குப் படுகிறது.

நான்கு வாரக் கணக்கு பதினான்கு மாதமாக நீண்டதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். மனிதர்கள் பெரும்பாலும் தங்கள் வேலைக்கான நேரத்தைக் குறைத்தே கணக்கிடுகிறார்கள். 1994இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக ஏறத்தாழ 34 நாட்கள் என்றார்கள் மாணவர்கள். ஆனது 55 நாட்களுக்கு மேல். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், நீங்களும் அல்லர். கால அட்டவணை எதுவும் நான் போட்டுத் தரப்போவதில்லை. ஸ்டூலையும் விளக்குத் தாங்கியையும் ஒரு துணி போட்டு மூடி வையுங்கள், அவ்வளவுதான்.

காணொளி பார்த்துக் கற்பதில் குற்றமில்லை. ஆனால் இழைப்புளி மழுங்கிவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லும், காதுக்கு முன்னால் மணிக்கட்டு சொல்லும். அதைத் திரையில் பார்த்துப் பழக முடியாது. பதினான்கு மாதங்களில் உங்களுக்கே பிடிபட்டிருக்கும்.

விற்கச் சொல்லும் நண்பரிடம் மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை இருக்கிறது. தானாகவே ஆசையோடு வண்ணப் பேனாக்களால் படம் வரையும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்து எல்லாக் குழந்தைகள் முன்னாலும் அதே பேனாக்களை வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப்போல ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். கூலி பேசியதும் விளையாட்டு வேலையாகிவிட்டது. வாரத்தில் ஐந்து நாட்கள் உங்களுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

இனி அந்த வரி. ‘கெடுத்துவிடுவாள் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.’

எம்., இதை எப்படி உங்களால் அமைதிக்குறைவு என்ற கணக்கில் எழுத முடிந்தது? எட்டு வயதுப் பெண் தானாக வந்து, நானும் தேய்க்கிறேன் என்கிறாள். எத்தனை நாளைக்கு வந்து கேட்பாள் என்று நினைக்கிறீர்கள்? இன்னும் மூன்று ஆண்டுகள்? நான்கு? அதன்பிறகு அவளுக்குச் சாத்திக்கொள்ள அவளுடைய கதவு இருக்கும். அன்றைக்கு நீங்கள் வெளியே நின்று தட்டுவீர்கள்.

எதைக் கெடுத்துவிடுவாள்? தேய்ப்பதில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உப்புத்தாளை மர ரேகையின் போக்கிலேயே இழுக்க வேண்டும். குழந்தை கை சலித்ததும் வட்டமாகத் தேய்க்கும், குறுக்கே இழுக்கும். குறுக்கே இழுத்த இடத்தில் ரேகையை வெட்டிக்கொண்டு மெல்லிய கீறல்கள் விழும். வெறும் பலகையில் அவை கண்ணுக்குத் தெரியாது. வார்னிஷ் பூசியதும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். இதுதானே உங்கள் பயம்? பூசுவதற்கு முன் ஒரு விளக்கைப் பலகைக்குப் பக்கத்தில் தாழ்த்திப் பிடியுங்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் எல்லாக் கீறல்களும் நிழலோடு தெரியும். சற்றுச் சொரசொரப்பான 120 எண் தாளால் ரேகையோடு பத்து நிமிடம், பிறகு அதைவிட மென்மையான 220ஆல் பத்து நிமிடம். முடிந்தது. இருபது நிமிடத்தில் சரியாகும் ஒரு கேட்டுக்காக ஒரு குழந்தையைப் பதினான்கு மாதங்கள் கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கோபம் முழுவதும் உங்கள்மீது அல்ல.

என் அப்பா ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடிகாரம் பழுதுபார்ப்பார். யாரிடமும் கூலி வாங்கியதில்லை. தெரிந்தவர்கள் நின்றுபோன கடிகாரங்களைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். காலையில் குளித்துவிட்டு அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்வார். சாப்பிடக் கூப்பிடும்போதுதான் திறக்கும். ‘சுருள்வில் தெறித்தால் கண் போய்விடும்’ என்பார். அது உண்மைதான். இறுக்கிச் சுற்றிய வில்லைத் தெரியாமல் கழற்றினால் விரலையே பதம் பார்த்துவிடும். அந்தக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு திருப்புளியைக்கூட அவர் என்னைப் பிடிக்கவிட்டதில்லை. ஒன்பது வயதில் ஒருமுறை கேட்டேன். பெரியவனானதும் பார்க்கலாம் என்றார். பெரியவனானதும் படிப்பதற்காக ஊரைவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்ததில் ஒன்றே ஒன்று கற்றேன். அது காதால் கற்றது. ஊசல் கடிகாரத்தைச் சுவரில் மாட்டியதும் அப்பா பேசாமல் நிற்பார். உள்ளே டிக், டக் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் டிக்டக், டிக்டக் என்று ஒரு காலைச் சாய்த்து நடப்பதுபோலக் கேட்கும். ‘நொண்டுகிறது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பெட்டியின் அடிப்பக்கத்தை விரலால் நூலளவு இடப்பக்கம் தள்ளுவார், அல்லது வலப்பக்கம். நடை சீராகிவிடும். அப்படிச் சரிசெய்யாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் கடிகாரம் நின்றுவிடும். கதவின் இந்தப் பக்கம் உட்கார்ந்து, எந்த ஓசையில் அவர் தள்ளுவதை நிறுத்துவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன், எனக்குள்ளேயே.

அவர் போன பிறகு ஒரு தகரப் பெட்டி நிறையக் கருவிகள் மிஞ்சின. பாதிக்குமேல் எனக்குப் பெயர் தெரியாது. எங்கள் வீட்டுக் கடிகாரமும் நின்றுவிட்டது. ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். பின்பக்கத்தைத் திறந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பித்தளைத் தகட்டில் ஊசியால் கீறிய தேதிகள் வரிசையாக இருந்தன. எண்ணெய் போட்ட நாட்கள். அப்பாவின் எழுத்து. அவற்றுக்குக் கீழே, திருப்புளி வழுக்கித் தகட்டை நெடுகக் கிழித்த கோடுகள். பிளவு மழுங்கிப்போன திருகுத் தலைகள். ஒரு திருகு வேறு அளவில், வலிந்து ஏற்றியது. ‘யாரோ இதில்தான் தொழில் பழகியிருக்கிறார்கள்’ என்றார் அவர், சாதாரணமாக.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைதேர்ந்தவர் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். பிற்காலத்தில் கைதேர்ந்தவராகவும் இருந்தார். ஆனால் அந்த அறைக்குள் என் ஒன்பது வயதில் நடந்தது இதுதான். ஒரு மனிதர் தப்புத்தப்பாகச் செய்து, கெடுத்து, மறுபடி செய்துகொண்டிருந்தார். சுருள்வில்லுக்காக மட்டும் அந்தக் கதவு சாத்தப்படவில்லை. மகன் கெடுத்துவிடுவான் என்பதைவிட, அப்பா கெடுப்பதை மகன் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கோடுகளில் ஒன்று விழும்போது நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாரா? என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாரா? எனக்கு அது வேண்டும், எம். அவருடைய கைத்திறமையைவிட எனக்கு அதுதான் வேண்டும்.

உங்கள் அலமாரி பதினான்கு மாதங்களாக ஏன் முடியவில்லை என்று இப்போது யோசித்துப் பாருங்கள். முடிந்தால் வீட்டுக்குள் வரும். வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். மூலை சேராத இடம் தெரியும். ஸ்டூலும் விளக்குத் தாங்கியும் அதைத் தள்ளிப்போட நீங்கள் கண்டுபிடித்த வழிகள். நான் சொல்வது தவறாக இருந்தால் மன்னியுங்கள். தவறாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

வீட்டில் வைத்துச் செய்யும் வேலை வீடு முழுவதற்கும் உரியது. பதினெட்டாம் நூற்றாண்டு வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் பிழைப்புக்கு இசைக்கலைஞர். ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே தொலைநோக்கிக்கான ஆடிகளை, அதாவது ஒளியைப் பிரதிபலிக்கும் உலோகக் கண்ணாடிகளை, வார்த்தார், தேய்த்தார். வீடு முழுக்கப் பட்டறையாகிவிட்டது. செம்பும் வெள்ளீயமும் கலந்த ஆடியை மெருகேற்றும்போது கையை எடுக்கக் கூடாது. ஒருமுறை பதினாறு மணி நேரம் அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தார். தங்கை கரோலின்தான் வாயில் உணவு ஊட்டினார், பக்கத்தில் அமர்ந்து புத்தகம் படித்துக் காட்டினார். வார்ப்பு அச்சுக்காகக் குதிரைச் சாணத்தை உரலில் இடித்துச் சலித்தவரும் அவர்தான். பெரிய ஆடி ஒன்றை வார்க்க முயன்றபோது உருகிய உலோகம் கசிந்து தரையில் ஓடியது, தளக்கற்கள் வெடித்துச் சிதறின. அத்தனை தோல்வியையும் தங்கை கூடவே இருந்து பார்த்தார்.

எல்லாம் இனிமையாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. கரோலின் பாட வந்தவர். பாட்டுப் பயிற்சி கெடுகிறதே என்று அவருக்கு மனக்குறை இருந்தது. ஆனால் 1781 மார்ச் 13 அன்று, வீட்டில் செய்த தொலைநோக்கியால் அண்ணன் யுரேனஸைக் கண்டார். 1786 ஆகஸ்ட் முதல் தேதி, தங்கை தன் முதல் வால்மீனைக் கண்டார். அண்ணன் செய்து கொடுத்த சிறிய தொலைநோக்கியால். 1797க்குள் மொத்தம் எட்டு வால்மீன்கள். 1787இல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு ஐம்பது பவுண்டு சம்பளம் தந்தார். சாணம் இடித்த கை அது.

உங்கள் மகள் வால்மீன் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவள் தச்சராகவும் வேண்டாம். நாளைக்கே சலித்துப்போய் ஓடிவிடலாம், ஓடட்டும். திரும்பி வந்தால் கதவு திறந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மின்சாரக் கருவிகளின் இணைப்பைப் பிடுங்கி எட்டாத உயரத்தில் வையுங்கள். உளியும் அங்கேயே. இருவரும் முகக்கவசம் அணியுங்கள். மரத்தூசி விளையாட்டல்ல, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவையுங்கள். அவளிடம் கழிவுத் துண்டைக் கொடுத்துப் பழகச் சொல்லாதீர்கள். எது வெறும் துண்டு, எது அலமாரி என்று குழந்தைக்குத் தெரியும். நான்காவது தட்டைக் கொடுங்கள். தாளை ஒரு சிறு மரக்கட்டையில் சுற்றிக் கொடுத்தால் அவள் கைக்குப் பிடிக்க வரும். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் அவள் விரலால் தடவிப் பார்க்கட்டும்.

முடிந்ததும் விளக்கைத் தாழ்த்திப் பிடியுங்கள். அவளுடைய தட்டில் குறுக்குக் கீறல்கள் எத்தனை என்று இருவரும் சேர்ந்து எண்ணுங்கள். பிறகு நீங்கள் ஏற்கெனவே முடித்துவைத்திருக்கும் மூன்று தட்டுகளுக்கும் விளக்கைக் கொண்டுபோய், உங்களுடையவை எத்தனை என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள். இரண்டு எண்ணிக்கையையும் எனக்கு எழுதுங்கள்.