குற்றத்தில் இழந்தது நீதிமன்றத்தின் வழியே திரும்பக் கிடைக்குமா? – வழக்கறிஞரின் பதில்கள்

குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டோர் தரப்பில் வாதாடி வரும் வழக்கறிஞர், இழப்பீடு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு எண்களே இங்கு தரப்படுகின்றன. அந்தத் தேதிக்கு முன்பே விசாரணை தொடங்கி நிலுவையில் உள்ள வழக்குகள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே தொடரும்.

கேள்வி: நிலத்தகராறில் என் கணவரை அடித்துக் காலை முறித்துவிட்டார்கள். வழக்கு அமர்வு நீதிமன்றத்தில் சாட்சி விசாரணையில் இருக்கிறது. தண்டனை கொடுத்தால் மருத்துவச் செலவும் தானாக வந்துவிடும் என்கிறார்கள். உண்மையா, அம்மா?

பதில்: தானாக வராது, அம்மா. இதை நம்பித் தீர்ப்பு நாள்வரை பேசாமல் இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்கள் பல. 395ஆவது பிரிவின்படி, நீதிமன்றம் விதிக்கும் அபராதத்திலிருந்து ஒரு பகுதியையோ முழுவதையுமோ பாதிக்கப்பட்டவருக்குத் தரச் சொல்லலாம். தண்டனையில் அபராதமே இல்லாவிட்டாலும் குற்றவாளி தனியே இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிடலாம். பழைய சட்டத்தில் இது 357ஆவது பிரிவாக இருந்தது. ஒவ்வொரு குற்ற வழக்கிலும் இழப்பீடு தருவதா இல்லையா என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டு, அதற்கான காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்று அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. ஆனால் எவ்வளவு இழப்பு என்பதற்கு ஆவணம் இல்லையென்றால், நல்ல மனமுள்ள நீதிபதியும் ஒரு சிறு தொகையைத்தான் எழுத முடியும்.

ஆகவே இப்போதே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீதுகள், வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு முதலாளி தரும் கடிதம், நிரந்தரக் குறைபாடு இருந்தால் அதற்கான மருத்துவச் சான்று ஆகியவற்றைத் திரட்டுங்கள். அவற்றை அரசு வழக்கறிஞரிடம் கொடுத்து, உங்கள் கணவர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும்போதே செலவையும் வருமான இழப்பையும் சொல்ல வையுங்கள். அரசு வழக்கறிஞருக்கு உதவியாக உங்கள் தரப்பில் ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள நீதிமன்றத்தின் அனுமதியைக் கேட்கலாம். தண்டனை குறித்து வாதம் நடக்கும் நாளில், இழப்பீடு கோரும் மனு எழுத்து வடிவில் வழக்குக் கோப்பில் இருக்க வேண்டும். வழங்கப்படும் இழப்பீடு போதாது என்றால், அதற்காகவே மேல்முறையீடு செய்யும் உரிமையை 413ஆவது பிரிவு உங்களுக்குத் தருகிறது; அது அரசின் தயவில் கிடைப்பதல்ல.

கேள்வி: இரவில் என் தம்பியை வெட்டியவர்கள் யாரென்றே போலீசார் கண்டுபிடிக்கவில்லை. குற்றவாளியே இல்லாமல் யாரிடம் இழப்பீடு கேட்பது?

பதில்: அரசிடம் கேளுங்கள். 396ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. இதன் முன்வடிவமான 357ஏ பிரிவு 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. பணம் படைத்த குற்றவாளியிடம் சிக்கியவருக்கு மட்டுமே இழப்பீடு என்ற அநியாயமான நிலையை அதுதான் மாற்றியது. குற்றவாளி இன்னார் என்று தெரியாமல் வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருந்தவர்களோ மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் நேரடியாக விண்ணப்பிக்கலாம். விசாரித்துத் தொகையை வழங்க ஆணைக்குழுவுக்குச் சட்டம் தரும் காலம் 2 மாதம். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் அல்லது குற்றவியல் நடுவரின் (மாஜிஸ்திரேட்) சான்று இருந்தால் உடனடி மருத்துவ உதவிக்கும் இடைக்கால நிவாரணத்துக்கும் ஆணைக்குழு உத்தரவிட முடியும்.

குற்றவாளி பிடிபட்டும் அவரிடம் கொடுக்க எதுவும் இல்லாத வழக்குகளுக்கும், எதிரிகள் (குற்றம் சாட்டப்பட்டவர்கள்) விடுதலையாகிவிட்ட வழக்குகளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது. அங்கே விசாரணை நீதிமன்றம் பரிந்துரை செய்ய வேண்டும். விடுதலைத் தீர்ப்பைக் கேட்டவுடன் எல்லாம் முடிந்தது என்று எழுந்து போய்விடாமல், அந்தப் பரிந்துரையைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: தீர்ப்பில் எங்களுக்கு இரண்டு லட்சம் தரச் சொல்லி ஓராண்டு ஆகிறது. எதிரி, பணம் கட்டாததற்கான கூடுதல் சிறையையும் அனுபவித்துவிட்டதால் இனித் தர வேண்டியதில்லை என்கிறார்.

பதில்: அவர் சொல்வது தவறு, ஐயா. மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரையும், மேல்முறையீடு செய்திருந்தால் அது முடியும்வரையும் பணம் உங்கள் கைக்கு வராது என்பது சரி. முதலில் மேல்முறையீடு நிலுவையில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையென்றால், தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு அதே நீதிமன்றத்தில் வசூல் ஆணை கோரி மனு செய்யுங்கள். எதிரியின் அசையும் சொத்தைப் பறிமுதல் செய்து விற்கவோ, நிலவரி பாக்கியைப் போல வசூலிக்குமாறு மாவட்ட ஆட்சியருக்கு ஆணை அனுப்பவோ நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சாதாரண அபராதத்தில், அதற்கான சிறையை முழுவதும் கழித்தவரிடம் பிறகு வசூலிக்கத் தனிக் காரணம் எழுத வேண்டும். அபராதத்திலிருந்து இழப்பீடு தர உத்தரவிட்டிருக்கும் வழக்குக்கு இந்தத் தடை பொருந்தாது என்று சட்டமே சொல்கிறது. இந்த வரியை உங்கள் மனுவில் அவசியம் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: திருடுபோன என் நகைகளைப் போலீசார் மீட்டு நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டார்கள். வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். புகைப்படம் எடுத்து, விவரப் பட்டியல் தயாரித்து, பிணைமுறி (உறுதிப் பத்திரம்) எழுதி வாங்கிக்கொண்டு உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே கூறிவிட்டது. 497ஆவது பிரிவு இப்போது இதற்குக் காலக்கெடுவும் வைத்திருக்கிறது. வாங்கிய ரசீதோ, நகையோடு நீங்கள் இருக்கும் பழைய புகைப்படமோ இருந்தால் மனுவோடு இணையுங்கள். வழக்கு முடியும்வரை நகையை விற்கவோ உருக்கவோ கூடாது.

கேள்வி: என் மகளுக்கு நேர்ந்த கொடுமைக்கான போக்சோ வழக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அவள் சிகிச்சைக்கே பணமில்லை.

பதில்: தீர்ப்புவரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை, அம்மா. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு வழங்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் அரசு அதைச் செலுத்த வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு; 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். இன்றே கூப்பிடுங்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பு ஐம்பதாயிரம் தருகிறோம், சமாதானமாகப் போய்விடுங்கள் என்கிறது. வாங்கினால் பிறகு உரிமையியல் (சிவில்) வழக்குப் போட முடியாதா?

பதில்: எல்லாக் குற்றங்களையும் சமாதானத்தில் முடிக்கச் சட்டம் இடம் தருவதில்லை, உங்கள் வழக்கின் பிரிவுகளை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். முழுத் திருப்தி என்று எழுதிக் கையெழுத்திட்டால் உரிமையியல் வழக்கின் கதவை நீங்களே மூடிக்கொள்வீர்கள். குற்றவியல் நீதிமன்றம் வழங்கும் இழப்பீடு அப்படியல்ல: அதைப் பெற்ற பின்னும் உரிமையியல் வழக்குத் தொடரலாம், பெற்ற தொகை மட்டும் அங்கே கணக்கில் கொள்ளப்படும். உரிமையியல் வழக்குக்கான காலவரம்பு, குற்ற வழக்கு முடியட்டும் என்று நிற்காமல் தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். பணம் வாங்குவதென்று முடிவு செய்தால், வீட்டு வாசலில் வாங்காமல் நீதிமன்றத்தின் முன்னிலையில், பதிவோடு வாங்குங்கள்.