அனுபவம் இருக்கிறது, கோச் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 46. அப்பா தொடங்கிய கேட்டரிங் தொழிலை உட்லண்ட்ஸில் நடத்துகிறேன். ஆர்டருக்குக் குறைவில்லை, கையில்தான் காசு நிற்பதில்லை. வாழை இலையிலிருந்து வேன் டிரைவரின் லீவுவரை எல்லாவற்றுக்கும் என்னையே கேட்கிறார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு சூப்பர்வைசர்கள் போய்விட்டார்கள். நண்பர் பிசினஸ் கோச்சைப் பார்க்கச் சொல்கிறார். ஆறு மாதத்துக்கு 6,000 வெள்ளியாம். சமையலே தெரியாதவர் எனக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்?
- ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: ஒன்றும் சொல்லித்தர மாட்டார். அதற்காக அவரிடம் போகவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு தொல்லைகள் கலந்து கிடக்கின்றன. காசு நிற்காதது கணக்கு விவகாரம். ஒரு சாப்பாட்டுக்கு அடக்கவிலை என்ன, எந்த ஆர்டரில் கையைக் கடிக்கிறது என்று பார்க்க விவரமான ஆலோசகர் போதும். சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபை சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக நடத்தும் எஸ்எம்இ சென்டரில் இலவசமாகவே பேசலாம். முதலில் அங்கே போங்கள்.

ஆனால் சூப்பர்வைசர்கள் நிற்காததற்கு நீங்கள்தான் காரணம் என்று படுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கோச்சுக்கு வேலை இங்கேதான்.

கோச்சோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், சூப்பர்வைசரிடமிருந்து போன் வருகிறது என்று வையுங்கள். "அண்ணே, இலை ஒரு கட்டு குறையுது, என்ன செய்ய?" "தேக்காவுல நம்ம கடைக்குப் போ, என் பேரச் சொல்லு" என்று முடித்துவிடுவீர்கள். ஆலோசகராக இருந்தால் சரக்கு இருப்புக்கு ஓர் ஆப் போடச் சொல்வார். நல்ல கோச், "நீங்கள் போனை எடுக்காவிட்டால் சூப்பர்வைசர் என்ன செய்திருப்பார்?" என்று கேட்பார். யோசித்தால், அவரே போய் வாங்கியிருப்பார். அப்புறம் ஏன் கேட்டார்? போன முறை கேட்காமல் வாங்கி, எல்லார் முன்னாலும் உங்களிடம் திட்டு வாங்கியிருப்பார்!

சரி, 100 வெள்ளிவரை அவரே முடிவெடுக்கட்டும் என்பீர்கள். கோச் அதோடு விடமாட்டார். அடுத்த சந்திப்பில், "எத்தனை தடவை குறுக்கே போனீர்கள்?" என்பார். முதலாளியை இப்படிக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? வேலையாட்கள் கேட்க முடியாது. மனைவி கேட்டால் வீட்டில் சண்டை.

கூகலின் தலைமை நிர்வாகியாக வந்த எரிக் ஷ்மிட்டும் உங்களைப் போலத்தான் முதலில் முறுக்கிக்கொண்டார். அவருக்குக் கோச்சாக அமைந்த பில் கேம்பெல் கணினிப் பொறியாளர் அல்ல. ஒரு காலத்தில் கல்லூரி அணிக்கு அமெரிக்கக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர்.

ஆளைப் பார்த்துப் பிடியுங்கள். கோச் என்று போர்டு மாட்ட இங்கே உரிமம் எதுவும் தேவையில்லை. இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷனின் பிசிசி சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 500 மணி நேரமாவது கோச்சிங் செய்தவர்களுக்குத்தான் அதைத் தருகிறார்கள். ஆறு மாதத்தில் விற்பனையை இரட்டிப்பாக்குகிறேன் என்பவரிடம் காபியோடு கிளம்பிவிடுங்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக்காக அரசாங்கம் 2024இல் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை அங்கீகரித்த வகுப்புகளுக்கு மட்டுமே. கோச்சுக்குக் கொடுப்பது உங்கள் சொந்தப் பணம்.

ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள், முதலில் இரண்டு மாதம் கேளுங்கள். அதையும் தீபாவளி ஆர்டர்கள் முடிந்தபின் தொடங்குங்கள். அந்த நேரத்தில் போனை எடுக்காமல் இருக்க உங்களால் முடியாது.