கார்ட்டூன்தானே, அதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

"எல்லாமே கையால் வரைவதுதானே, மனதில் தோன்றியதை வரைந்தால் போதாதா, எதற்கு ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனிமேஷன் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதினோரு வருடம் இந்த வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

சென்னையில் ஒரு ஸ்டூடியோ. குழந்தைகள் தொடர் ஒன்றில் படுத்திருக்கும் மாடு எழுந்து நிற்க வேண்டும், மூன்று வினாடி ஷாட். ஒரு தடவை தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, "நாலு கால் மிருகம்தானே, போன ப்ராஜெக்ட்ல குதிரை இருக்கு, அதையே எடுத்துப் போடு" என்றார்கள். போட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஷாட் ஓகே ஆகிவிட்டது.

டிவியில் வந்த அன்று ஊரில் இருந்தேன். அம்மா முப்பது வருடம் மாடு வைத்துப் பால் கறந்தவர். பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏம்ப்பா, இது மாடா? முன்னங்காலை ஊனி எந்திரிக்குதே" என்றார். அவ்வளவுதான் கேட்டார், எனக்குப் பேச்சே வரவில்லை. மறுநாள் விடிகாலை பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் போய் நின்றேன். மாடு முதலில் முன்னங்கால் முட்டியில் பாரத்தைப் போட்டு, தலையை முன்னால் வீசி, அந்த வேகத்தில் பின்பக்கத்தைத் தூக்குகிறது. ஒரு நொடி முட்டி போட்டபடியே நிற்கிறது. அப்புறம்தான் ஒவ்வொரு முன்னங்காலாக ஊன்றி நிமிர்கிறது. குதிரை இதற்கு நேர் எதிர். சின்ன வயதிலிருந்து நான் தினம் பார்த்த காட்சிதான், ஆனாலும் வரையும்போது கைக்கு வரவில்லை.

நெட்டில் வீடியோ இருக்கிறதே என்று யாராவது சொல்வீர்கள். இருக்கிறது, நானும் பார்ப்பேன். ஆனால் நமக்கு என்ன தெரியாது என்பதே தெரியாதபோது எதைத் தேடுவது? கற்பனை வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, மாடு பேசட்டும், பறக்கட்டும், ஆனால் எழுந்திருக்கும்போது மாடாக எழுந்திருக்க வேண்டும். 1942இல் வந்த 'பாம்பி' படத்துக்காக டிஸ்னி ஸ்டூடியோவுக்கு உயிருள்ள மான்குட்டிகளையே கொண்டுவந்து வைத்துப் பார்த்து வரைந்தார்கள். அந்த மான்களும் படத்தில் பேசத்தான் செய்கின்றன.

நான் பெரிதாக மதிக்கும் வேலை ஜப்பானிய இயக்குநர் சுனாவோ கத்தாபுச்சி 2016இல் எடுத்த 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற அனிமேஷன் படம். ஹிரோஷிமாவில் இன்று அமைதிப் பூங்கா இருக்கும் இடம் முன்பு நகாஜிமா என்ற கடைத்தெருப் பகுதி. 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்ததில் அது கிட்டத்தட்ட மொத்தமாக அழிந்துவிட்டது, போய்ப் பார்க்க அந்தத் தெரு இன்று இல்லை. அவர் பழைய புகைப்படங்களைச் சேர்த்து, அங்கே வாழ்ந்து பிழைத்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு, அந்தத் தெருவைத் திரும்ப வரைந்தார். எந்த நாளில் என்ன வானிலை என்றுகூடப் பார்த்தார். போர்க்காலச் சமையலைத் தானே சமைத்துப் பார்த்தார். அந்தத் தெருவில் பிறந்த ஒருவர் திரையரங்கில் உட்கார்ந்து தன் கடைத்தெருவைப் பார்ப்பார் இல்லையா, அவர் கண்ணுக்கு அது தப்பாகத் தெரியக்கூடாது. என் அம்மா கண்ணுக்கு என் மாடு தப்பாகத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்தத் தொடரில் ஒன்றரை வருடம் வேலை செய்தேன், ஒரு எபிசோடில்கூட என் பெயர் வரவில்லை. எங்கள் குழுவில் யார் பெயருமே இல்லை. அன்றைக்கு அம்மா, பெயர் போட்டு முடிகிற வரை டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைகிறவர்களின் பெயரைப் போட நாலு வினாடி போதும், அதைக்கூடச் செய்வதில்லை.

சரி, நீங்கள் மாடு வரையப் போகிறீர்கள் என்றால் விடிகாலை நாலரைக்குத் தொழுவத்துக்குப் போங்கள். கறவைக்கு எழுப்புகிற நேரம் அது. ஃபோனை உடனே எடுக்காதீர்கள், முதல் இரண்டு மாடுகளைச் சும்மா பாருங்கள்.