தொற்றும் லாப நட்டக் கணக்கும்

கேள்வி: கொரோனா காலத்தில் சில நிறுவனங்கள் நட்டத்தில் மூழ்க, சில மட்டும் கொழித்தது எப்படி?

பதில்: வருமானம் நின்றாலும் நிற்காத செலவு எவ்வளவு என்பதே முக்கியக் காரணம். 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் இந்தியாவில் உள்நாட்டு விமானப் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டபோது, எரிபொருள் செலவு குறைந்ததே தவிர, விமானக் குத்தகை, பராமரிப்பு, சம்பளம் ஆகியவை மறைந்துவிடவில்லை. விற்காத சோப்பைக் கிடங்கில் வைத்திருந்து பிறகு விற்கலாம். பறக்காத இருக்கையை அப்படி விற்க முடியாது. இண்டிகோ நிறுவனம் 2020-21 நிதியாண்டில் ஏறத்தாழ 5,806 கோடி ரூபாய் நட்டம் கண்டது. மாறாக, 2021 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் இணையவழி காணொளிச் சந்திப்புச் சேவை தரும் ஜூம் நிறுவனத்தின் வருவாய் முந்தைய ஆண்டின் நான்கு மடங்கைத் தாண்டியது. இத்தகைய காலங்களில் லாபத்தைவிட ரொக்கக் கையிருப்பையே நான் முதலில் பார்ப்பேன்.