திருமணத்திற்கு மறுநாள் நாகர்கோவிலில் எங்கே நடப்பது?

வணக்கம். திருமணத்திற்கு மறுநாள் காலை முழுவதும் ஓய்வாக இருப்பதாகவும், பிற்பகலில் ரயில் ஏறுவதற்குள் நடந்தே ஊரைப் பார்க்க விரும்புவதாகவும், உறவினர்களோ "இங்கே பார்க்க என்ன இருக்கிறது, கன்னியாகுமரிக்குப் போங்கள்" என்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உறவினர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். உள்ளூர்க்காரர்கள் எங்கும் அப்படித்தான் சொல்வார்கள்.

வடசேரி கனகமூலம் சந்தையில் விடிந்ததும் தொடங்குங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம், செந்துளுவன், ஏத்தன் என வாழைக்குலைகள் வந்திறங்குவதையும், விலை பேசுகிறவர்களின் தமிழில் மலையாளம் கலந்து ஒலிப்பதையும் அங்கே நின்று கவனிக்கலாம். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணையும் வரை இந்த ஊர் திருவிதாங்கூரிலும், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்ததன் தடம் அது.

பிறகு தெற்கே இறங்கினால் 1893-இல் திறக்கப்பட்ட மணிக்கூண்டான மணிமேடை வரும். போக்குவரத்து நெரிசலில் அங்கே அதிகம் நிற்க முடியாது. நாகராஜா கோயிலில் ஓலை வேய்ந்த கருவறையையும், பிரசாதமாக மண் தருவதையும் பார்த்துவிட்டு மீனாட்சிபுரம் வழியாகக் கோட்டாறுக்கு நடங்கள். வழியில் ஏத்தன்காய் சிப்ஸ் போடும் கடை தென்பட்டால் கட்டாயம் நில்லுங்கள்: காயை நேராகக் கொதிக்கும் தேங்காயெண்ணெயிலேயே சீவித் தள்ளி, உப்புநீரைக் கரண்டியால் ஊற்றும்போது சட்டி முழுவதும் சீறிப் பொங்கி அடங்கும். சூடாகவே கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள்.

கோட்டாறில் சவேரியார் பேராலயத்தையும் பார்த்துவிடலாம். ரயில் நிலையமும் அந்தப் பக்கமே இருப்பதால், பெட்டியை முன்கூட்டியே அங்கே சேர்ப்பித்துவிடும்படி உறவினர்களிடம் சொல்லிவிட்டால், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.